குத்தூசி போதும்: சிற்றூர் கிட் சர்வருக்கு எந்த முகப்பு?

வலங்கைமான் பக்கத்தில் நெல் வாங்க வரும் வியாபாரி மூட்டையைப் பிரிக்கச் சொல்லமாட்டார். கையோடு குத்தூசி கொண்டுவந்திருப்பார். சாக்கில் ஒரு குத்து. குழல் வழியே ஒரு கைப்பிடி நெல் வந்து விழும். உள்ளங்கையில் தேய்த்து ஊதுவார். பதரும் கருக்காயும் எவ்வளவு என்று பார்ப்பார். ஒரு மணியைக் கடித்து ஈரம் சொல்வார். அதற்குள் விலை மனசில் விழுந்திருக்கும். மூட்டையின் தையல் அப்படியே இருக்கும்.

சர்வரில் கிடக்கும் நிரல் களஞ்சியங்களை உலாவியில் பார்க்க வைக்கும் முகப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது, போன மாதம் யார் எதை மாற்றினார், என்ன காரணம் எழுதி மாற்றினார் என்று ஒருவர் பார்த்துவிட்டுப் போகலாம். முழுக் களஞ்சியத்தையும் தன் கணினிக்கு இறக்க வேண்டியதில்லை. அந்த முகப்புக்கு எந்த மென்பொருளை வைப்பது என்ற கேள்வி எங்களிடம் ஒன்றரை வருஷமாக ஓடியது. கிட்வெப், சிகிட், ஃபோர்ஜேயோ, ஸ்டாகிட் என்று நாலு மென்பொருள்களை வைத்துப் பார்த்துவிட்டோம். அதன் தீர்ப்பை எழுதலாம் என்ற நிலை இப்போதுதான் வந்திருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். வாழ்க்கைக்கு வேறு வேலை பார்ப்பவர்கள். அரிசி ஆலைக்கு எடைச்சீட்டு அடிக்கும் நிரல், வெடிக்கடைக்குக் கையிருப்புக் கணக்கு, அச்சகத்துக்குப் பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் நிரல் என்று பதினோரு களஞ்சியங்கள் எங்கள் கையில் இருக்கின்றன. எல்லாமே திறந்த நிரல். வாடகை சர்வர் ஒன்று, 1 ஜிபி நினைவகம். ஊரிலிருந்து கும்பகோணம் போய்வரும் பஸ் நேரத்தில் போனில் எஸ்எஸ்ஹெச் திறந்து பார்த்துக்கொள்வதுதான் பராமரிப்பு. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டே இனி வரும் எதையும் படிக்க வேண்டும். இருநூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு என் தீர்ப்பு பொருந்தாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட்டுக்கு முகப்பு தேவையே இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதை எழுதியபோது மின்னஞ்சலில் பேட்ச் அனுப்பிக்கொள்ளும் மனிதர்களுக்காக எழுதினார். சர்வரில் ஒரு எஸ்எஸ்ஹெச் கணக்கும் வெறும் களஞ்சிய அடைவும் இருந்தால் நாலு பேர் பத்து வருஷம் வேலை செய்யலாம். முகப்பு என்பது எழுதாதவருக்காக, வாசிக்க மட்டும் வருகிறவருக்காக இருக்கிறது. கே சீவர்ஸ் அதே ஆண்டு பெர்ல் மொழியில் கிட்வெப்பை எழுதியதும், மறு ஆண்டு அது கிட்டின் உள்ளேயே சேர்க்கப்பட்டதும் இந்தத் தேவைக்காகத்தான். பிறகு 2008இல் கிட்ஹப் வந்தது. வாசிக்கும் இடத்தையும் வேலை செய்யும் இடத்தையும் அது ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. வழு பதிவு, விவாதம், இணைப்புக் கோரிக்கை எல்லாம் ஒரே திரையில் வந்ததும் நமக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிய ஆரம்பித்துவிட்டன. சொந்த சர்வர் வைக்க நினைப்பவர் எடுத்த எடுப்பில் கிட்ஹப் போலவே ஒன்றைத் தேடுவது இதனால்தான். நானும் அப்படித்தான் தேடினேன்.

முகப்பு வாசிக்க வருகிறவருக்கு என்றால், அதைச் சோதிக்க வேண்டியவர் நிரலாளர் இல்லை, வாசகர். எங்கள் வாசகர்களில் ஒருவர் கடைத்தெரு அச்சகக்காரர். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று பல வருஷத்துக் கோப்புகள் பழைய எழுத்துரு முறைகளில் அவரிடம் கிடந்தன. முத்து அண்ணாமலையும் மற்றவர்களும் பைத்தானில் எழுதித் திறந்துவைத்திருக்கும் ஓபன்-தமிழ் நூலகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஒரு மாற்றி எழுதினோம். மாற்றிய கோப்புகளை ஒரு களஞ்சியத்தில் போட்டு, சரியா என்று முகப்பிலேயே பார்க்கச் சொன்னோம். இரண்டாம் நாள் போன் வந்தது.

“தம்பி, நான் இந்த வரியத் தொடவே இல்லையே. மேல செவப்பா ஒரு வரி, கீழ பச்சையா அதே வரி. எதுக்கு?”

“என்ன பேருண்ணே அந்த வரியில?”

“கோவிந்தராஜன்னு இருக்கு. ரெண்டுலயும் அதான் இருக்கு.”

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ‘கோ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதிவைக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒற்றைக் குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது ககரத்துக்குப் பின் ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். பழைய எழுத்துருக்களில் கொம்பு ஒரு விசை, கால் ஒரு விசை. எங்கள் மாற்றியின் முதல் பதிப்பு அவற்றை இடம் மாற்றி அடுக்கியதோடு நின்றுவிட்டது, ஒன்றாகச் சேர்க்கவில்லை. அடுத்த பதிப்பு சேர்த்தது. கிட் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. பைட் வேறு, ஆகவே வரி வேறு என்று சொல்லிவிட்டது.

தவறு எங்கள் நிரலில்தான், முகப்பில் இல்லை. ஆனால் முகப்பு அதை எப்படிக் காட்டுகிறது என்பதில் வித்தியாசம் இருந்தது. கிட்வெப்பில் அவருக்கு வரி முழுதும் நிறமாகவே தெரிந்தது. எங்கே மாறியது என்று அச்சகக்காரர் பத்து நிமிடம் உற்றுப் பார்த்திருக்கிறார். பிறகு அதே களஞ்சியத்தை ஃபோர்ஜேயோவில் திறந்தபோது, வரிக்குள் மாறிய இடம் மட்டும் அடர்நிறமாகத் தெரிந்தது. ‘கோ’வின் மேல் விரல் வைத்துக் காட்டியது போல. தமிழ்க் கோப்புகளைக் கையாளும் யாருக்கும் இது சின்ன வசதி என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஒரு சோதனையில் ஃபோர்ஜேயோ மற்ற எல்லாவற்றையும் வென்றது. கணக்கில் அதை எழுதிவைத்துவிட்டு மேலே போகிறேன்.

கோப்பின் பெயர் தமிழில் இருப்பது இன்னொரு சோதனை. கட்டளை வரியில் கிட் தமிழ்ப் பெயரை அப்படியே காட்டாது. ‘பத்திரிகை’ என்று பெயர் வைத்தால் முதல் எழுத்தான பகரத்துக்கே 340, 256, 252 என்று மூன்று எண்களை வரிசையாகக் கொட்டும். கோர் குவோட்பாத் என்ற அமைப்பை அணைத்தால்தான் தமிழ் தெரியும். இதைப் பார்த்துப் பயந்து எங்களில் ஒருவர் எல்லாப் பெயர்களையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றத் தொடங்கிவிட்டார். உலாவி முகப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. நாங்கள் வைத்துப் பார்த்த நான்கிலும் தமிழ்ப் பெயர் தமிழாகவே வந்தது. பெயர் மாற்றத்தை நிறுத்தினோம். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி தன் கோப்புக்கு ‘கணக்கு’ என்று பெயர் வைப்பதும், அதை நாங்கள் வேண்டாம் என்று தடுக்காமல் இருப்பதும் எனக்குப் பெரிய விஷயம்.

இனி மென்பொருள்கள்.

கிட்வெப்பை நிறுவுவது ஒரு கட்டளைதான். கிட்டோடு கூடவே வருவதால் ஒரு நிமிட வேலை என்று பலரும் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு நிமிடம் எனக்கு இரண்டு இரவு ஆனது. என்ஜின்எக்ஸ் தானாக சிஜிஐ நிரலை ஓட்டாது. நடுவில் எஃப்சிஜிஐராப் என்ற சிறு பாலம் வேண்டும். அப்பாச்சி என்றால் இந்தப் பாலம் வேண்டாம். பாலம் போட்டு முகவரியைத் திறந்தால் ‘404, திட்டங்கள் எதுவும் இல்லை’ என்று வரும். அடைவில் பதினோரு களஞ்சியங்கள் கண்முன்னே கிடக்கும். காரணம் அனுமதி. களஞ்சியங்களை உருவாக்கியது கிட் என்ற பயனர்; படிக்க வருவது வலை சர்வரின் பயனர். அடைவில் படிக்கும் உரிமை இல்லாவிட்டால் அவருக்கு அது வெறும் சுவர். அதைச் சரிசெய்தாலும் வேலை முடியாது. 2022இல் ஒரு பாதுகாப்புக் குறைக்கு மருந்தாக, அடைவின் உரிமையாளரும் கட்டளையை ஓட்டுபவரும் ஒருவராக இல்லாவிட்டால் மறுத்துவிடும் சோதனையைக் கிட் கொண்டுவந்தது. பழைய வழிகாட்டிகள் எதிலும் அது இருக்காது. ‘இந்த அடைவு நம்பத்தக்கது’ என்று சர்வர் முழுமைக்குமான அமைப்பில் எழுதிவைத்த பிறகே பட்டியல் வந்தது.

வந்த பட்டியலைப் பார்த்து எனக்கு வெட்கமாகப் போயிற்று. பதினோரு வரியிலும் விளக்கம் என்ற இடத்தில் ஒரே வாசகம்: பெயரிடாத களஞ்சியம், இந்தக் கோப்பைத் திருத்திப் பெயர் வையுங்கள் என்று ஆங்கிலத்தில். கிட் ஒவ்வொரு களஞ்சியத்தையும் தொடங்கும்போது இட்டுவைக்கும் வாசகம் அது. வருஷக்கணக்காக எழுதிய நிரலுக்கு இது என்ன என்று ஒரு வரி நாங்கள் எழுதியிருக்கவில்லை. எங்களுக்கு முகப்பு தேவைப்படாததால் அந்த வரியும் தேவைப்படவில்லை. கிட்வெப் எங்களுக்குச் செய்த பெரிய நன்மை இதைக் காட்டியதுதான்.

மற்றபடி கிட்வெப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் பெர்ல் நிரல் எழுந்து, அது கிட் கட்டளைகளைக் கூப்பிட்டு, விடையைக் கோத்துத் தருகிறது. ஒருவர் வந்தால் சரி. இருபது பேர் ஒரே நேரத்தில் வந்தால் 1 ஜிபி சர்வர் திணறிவிடும். லினக்ஸ் கருவின் தாயகமான கெர்னல்.ஆர்க் தளமே கிட்வெப்புக்குத் தற்காலிகச் சேமிப்பு ஒன்றைத் தனியாக எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு சிகிட்டுக்கு மாறியது.

சிகிட் லார்ஸ் ஹெம்லி சி மொழியில் எழுதியது. இப்போது அதைப் பார்த்துக்கொள்பவர் வயர்கார்டை எழுதிய ஜேசன் டோனன்ஃபெல்ட். கிட்டின் உள்நிரலையே தன்னோடு சேர்த்துக் கட்டியிருப்பதால் வெளிக் கட்டளைகளைக் கூப்பிட்டுக் காத்திருப்பதில்லை. பழைய சர்வரிலும் பக்கம் சட்டென்று வரும். ஆனால் அமைப்புக் கோப்பில் வரிசை முக்கியம். களஞ்சியங்கள் எங்கே என்று சொல்லும் வரியை மேலே எழுதிவிட்டு மற்ற விருப்பங்களைக் கீழே எழுதினால், அந்த விருப்பங்கள் களஞ்சியங்களுக்குப் பொருந்தாது; பிழை என்றும் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். தற்காலிகச் சேமிப்பும் இயல்பில் பூஜ்யம். நாமாகப் போய் எண் கொடுத்தால்தான் அது இயங்கும். வேகத்துக்குப் பேர்போன மென்பொருளில் வேகத்தின் பாதியை அணைத்தே கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இவை ஒருமுறை தெரிந்துகொண்டால் தீர்ந்தது.

சிகிட்டின் மேல் எனக்கு இருக்கும் உண்மையான குறை மொழி. பொத்தான், தலைப்பு, தேதி எல்லாம் ஆங்கிலம். தமிழாக்க வழியே வைக்கவில்லை. சி நிரலைத் திறந்து திருத்தினால்தான் உண்டு. கிட்வெப்பும் இப்படியே. மரம், பதிவு, வேறுபாடு என்று நாலு சொல்லைத் தமிழில் வைத்தாலே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசல் திறந்துவிடும். அந்த நாலு சொல்லுக்காக நாங்கள் ஒரு பேட்ச் போட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அதை மறுபடி ஒட்ட வேண்டியிருக்கிறது.

கிட்ஹப் போலவே எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் தரும் கிட்லேபை நான் நிறுவிப் பார்க்கவில்லை. 4 ஜிபிக்குக் கீழே அது இயல்பாக ஓடாது என்பதால் எங்கள் சர்வரில் கேள்வியே எழவில்லை. ஆனாலும் இந்தியாவில் அதைத் தன் கையால் நடத்திக் காட்டியவர்கள் உண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகத்தினர் தங்களுக்கென்று ஒரு கிட்லேப் வைத்திருந்தார்கள். பிரவீன் அரிம்பிரத்தொடியில் உள்ளிட்டவர்கள் அதை டெபியன் தொகுப்பாக்க வருஷக்கணக்கில் உழைத்தார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதே உழைப்புதான் எனக்கு எச்சரிக்கையும். அவ்வளவு கை தேவைப்படும் ஒன்றை நாலு பேர் மாலை நேரத்தில் நடத்த முடியாது. 2021 ஏப்ரலில் கிட்லேபில் ஒரு மோசமான ஓட்டைக்குத் திருத்தம் வந்தது. படம் ஏற்றும் வழியாக, கணக்கே இல்லாத ஒருவர் சர்வரைக் கைப்பற்றிவிடலாம். அந்த ஆண்டு நவம்பரில் ரேபிட்7 நிறுவனம் எண்ணிப் பார்த்தபோது, இணையத்தில் தெரிந்த ஏறத்தாழ 60,000 கிட்லேப் சர்வர்களில் பாதி திருத்தம் போடாமலே இருந்தன. ஏழு மாதம்! அவற்றை வைத்தவர்கள் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சிகிட் மட்டும் ஓட்டையில்லாததா? 2018 ஆகஸ்டில் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோவில் இருந்த யான் ஹார்ன், முகவரியில் சில புள்ளிகளைச் சேர்த்தால் களஞ்சியத்துக்கு வெளியே உள்ள கோப்புகளையும் சிகிட் எடுத்துக் கொடுத்துவிடும் என்று கண்டுபிடித்தார். மோசம்தான். ஆனால் அந்த ஓட்டை வழியே படிக்க முடியும், எழுத முடியாது. வாசிக்க மட்டும் தெரிந்த மென்பொருள் உடைந்தாலும் அதன் சேதத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. பயனர் கணக்கு, கடவுச்சொல், படமேற்றம், மின்னஞ்சல் எல்லாம் கொண்ட மென்பொருளுக்கு அந்த எல்லை கிடையாது. எங்கள் அளவுக்கு இது தீர்ப்பில் பாதி.

ஃபோர்ஜேயோ நடுவில் நிற்கிறது. கோக்ஸ் என்ற மென்பொருளிலிருந்து 2016இல் கிட்டீ பிரிந்தது. கிட்டீயின் பெயரும் உரிமையும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனதை ஏற்காதவர்கள் 2022 டிசம்பரில் ஃபோர்ஜேயோவைப் பிரித்தார்கள். பெர்லினில் பதிவு செய்த, களஞ்சியத் தளம் நடத்தும் கோட்பெர்க் சங்கம் அதற்குப் பின்னால் நிற்கிறது. கோ மொழியில் எழுதிய ஒரே கோப்பு, எஸ்க்யூலைட் தரவுத்தளம், 1 ஜிபியில் தாராளமாக ஓடுகிறது. கையில் உள்ளவற்றில் மனசுக்குப் பிடித்தது இதுதான். மூன்று மாதம் ஓட்டினோம். மூன்று மாதத்தில் வெளியிலிருந்து வந்த இணைப்புக் கோரிக்கை ஒன்று. எங்களுக்குள் நாங்கள் அதில் விவாதிக்கவே இல்லை. பேசவேண்டியதை டீக்கடையில் பேசிவிட்டு வந்து கமிட் போட்டோம். பதிவுப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்த இரண்டு வாரத்தில் விளம்பரக் கணக்குகள் வந்து குவிந்தன. அவற்றை அழித்த நேரத்தில் எடைச்சீட்டு நிரலின் இரண்டு வழுக்களைத் தீர்த்திருக்கலாம். நல்ல கருவி, எங்களுக்கு வேலையில்லாத கருவி.

இவ்வளவு பாடு படுவதற்கு கிட்ஹப்பிலேயே போட்டுவிட்டுப் போகலாமே என்பவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வலங்கைமானில் படித்துவிட்டு சென்னையில் வேலை தேடும் பிள்ளைக்கு கிட்ஹப் பக்கம் ஒரு சான்றிதழ் மாதிரி. ஓபன்-தமிழ் அங்கேதான் இருக்கிறது, அதைப் பார்க்க வருபவர்களும் அங்கேதான் வருகிறார்கள். அரசாங்கமே என்ன செய்தது? மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு ஓப்பன்ஃபோர்ஜ் என்ற சொந்தக் களஞ்சியத் தளம் இருக்கும்போதே, 2020 மே 26 அன்று ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு நிரலை கிட்ஹப்பில்தான் திறந்து வைத்தது. கோடிக்கணக்கானவர் போனில் இருந்த செயலி. சர்வர் பக்க நிரல் எங்கே என்று கேள்வி எழுந்தது. அது அந்த ஆண்டு நவம்பரில்தான், ஓப்பன்ஃபோர்ஜில், வந்தது. மக்கள் பார்க்க வேண்டும் என்றால் மக்கள் நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டது போல ஆயிற்று. முகப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், எதை உள்ளே போடுகிறோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி என்பதும் அதில் தெரிந்தது. மேல் மூட்டையில் மட்டும் குத்தவிட்டால் குத்தூசிக்கு என்ன தெரியும்?

ஆனால் 2014 டிசம்பரை நான் மறக்கவில்லை. மத்திய அரசின் உத்தரவின்படி 32 இணைய முகவரிகளை இணைய நிறுவனங்கள் தடுத்தன. அதில் கிட்ஹப்பும் இருந்தது. தீவிரவாதப் பிரசாரம் என்பது சொல்லப்பட்ட காரணம். சில நாளில் தடை நீங்கியது. அந்தச் சில நாளில் கிட்ஹப்பை மட்டும் நம்பியவருக்குத் தன் நிரலை வெளியார்க்குக் காட்ட வழியில்லை. மறு ஆண்டு, 2015 ஜூனில், கிட்டோரியஸ் என்ற களஞ்சியத் தளம் மூடப்பட்டது. 2016 ஜனவரியில் கூகுள் கோட் மூடப்பட்டது. கிட்ஹப்பே 2018இல் 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டின் கைக்கு மாறியது. இவற்றில் யாருடைய நிரலும் அழிந்துவிட வேண்டியதில்லை, ஏனெனில் ஒவ்வொரு குளோனிலும் முழு வரலாறு இருக்கிறது. 2011இல் கெர்னல்.ஆர்க் தளத்துக்குள் ஊடுருவினார்கள். அப்போதும் ஒவ்வொரு கமிட்டுக்கும் இருக்கும் ஹேஷும் உலகெங்கும் சிதறிக்கிடந்த குளோன்களும் நிரலைக் காத்தன. தொலைவது முகவரி. அச்சிட்ட கட்டுரையில், பள்ளிக் கையேட்டில், யாரோ ஒருவரின் குறிப்பேட்டில் எழுதிய முகவரி ஒருநாள் திறக்காமல் போகும். வழு பதிவுகளும் விவாதங்களும் குளோனில் வராது. அவை தளத்தோடு போய்விடும். ஆகவே நாம் சொந்தமாக வைத்திருக்க வேண்டியது டொமைன் பெயர். அதன் கீழே வாசிக்க ஏதாவது ஒன்று எப்போதும் திறக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு பழைய லேப்டாப்பில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு வெளியிலிருந்து நேரே வந்து சேரும் நிலையான முகவரி கிடையாது, அது முதல் தடை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய பிறகு எங்கள் திருவாரூர் மாவட்டத்தின் தெற்கே எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. வீட்டு லேப்டாப் நல்ல காப்புப்பிரதி, மோசமான வாசல்.

இனி, ஒன்றரை வருஷத்துக்கு முன் நான் கணக்கில் எடுக்காத ஒன்று. வாசகர் என்று நினைத்து வாசல் திறக்கிறோம். இப்போது வருவதில் பெரும்பங்கு மனிதர் இல்லை. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனி சேர்க்கும் வலைநிரல்கள். எங்கள் மாற்றிக் களஞ்சியத்தில் சுமார் 500 கமிட், 60 கோப்பு. சிகிட் ஒவ்வொரு கமிட்டிலும் ஒவ்வொரு கோப்பையும் தனிப்பக்கமாகக் காட்டும்: கோப்பு, அதன் வரலாறு, வேறுபாடு, வரிக்கு வரி யார் எழுதியது. 500ஐ 60ஆல் பெருக்கினால் 30,000. நான்கு விதமாகக் காட்டினால் 1,20,000 முகவரிகள். ஒரு களஞ்சியத்துக்கு மட்டும்! மனிதர் இதில் பத்துப் பக்கம் பார்ப்பார். வலைநிரல் எல்லாவற்றையும் கேட்கும், முடித்ததும் திரும்ப முதலிலிருந்து கேட்கும். பங்குனியில் வலங்கைமான் மாரியம்மன் கோயில் பாடைக்காவடி நாளன்று ஊர்த் தெருவில் எள் விழ இடமிருக்காது. ஆனால் வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுதல் இருக்கும். இந்தக் கூட்டம் அப்படி இல்லை.

எங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை இது. சோர்ஸ்ஹட் என்ற களஞ்சியத் தளத்தை நடத்தும் ட்ரூ டிவால்ட் 2025 மார்ச்சில், ஒவ்வொரு வாரமும் தன் நேரத்தில் 20 முதல் 100 சதவீதம் வரை இந்த வலைநிரல்களோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது என்று எழுதினார். ஷி இயாசோ தன் சொந்த கிட் சர்வரைக் காப்பாற்றிக்கொள்ள அந்த ஆண்டு தொடக்கத்தில் அனூபிஸ் என்ற காவல் நிரலை எழுதினார். வருபவரின் உலாவியை ஒரு சிறு கணக்குப் போடவைத்த பிறகே அது உள்ளே விடுகிறது. க்னோம் திட்டமும் அதைத் தன் கிட்லேபின் வாசலில் வைத்தது. வேலை செய்கிறது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத பழைய போனில் வரும் பிள்ளையும் வாசலிலேயே நின்றுவிடுவாள். எனக்கு அந்த விலை அதிகம்.

அதனால்தான் நான்காவதாக ஸ்டாகிட்டுக்கு வந்தோம். ஹில்ட்யோ போஸ்துமா எழுதிய சிறிய சி நிரல். சர்வரில் அது எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. நாம் புஷ் செய்ததும், போஸ்ட்-ரிசீவ் ஹூக் அதை எழுப்பும். பதிவு, கோப்புகள், கமிட் வேறுபாடுகள் எல்லாவற்றையும் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக எழுதிவைத்துவிட்டுப் படுத்துவிடும். வலை சர்வர் கோப்பை எடுத்து நீட்டுவதோடு சரி. 500 கமிட்டுக்கு ஏறத்தாழ 500 பக்கம், 60 கோப்புக்கு 60 பக்கம். லட்சம் இல்லை. வலைநிரல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகட்டும், சர்வர் திரும்பிக்கூடப் பார்க்காது. உடைக்க அங்கே ஓடும் நிரலே இல்லை. அதன் நிரலில் உள்ள ஆங்கிலச் சொற்கள் கைவிரல் எண்ணிக்கைதான். ஒரு மாலையில் அத்தனையையும் தமிழாக்கிக் கட்டிவிட்டோம்.

இதற்கும் குறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. ஒரு கோப்பு போன வருஷம் முழுதாக எப்படி இருந்தது என்று ஸ்டாகிட்டில் திறக்க முடியாது; இன்றைய கோப்பும், நடுவில் நடந்த மாற்றங்களும்தான் தெரியும். தேடல் கிடையாது. வரலாறு மிக நீண்ட களஞ்சியங்களுக்கு இது ஒத்துவராது என்று எழுதியவரே சொல்கிறார். குத்தூசி அடி மூட்டை வரை போவதில்லை. அச்சகக்காரருக்கு இது போதவில்லை. அவருக்கு ஆறு மாதத்துக்கு முந்தைய பத்திரிகைக் கோப்பு முழுதாக வேண்டும்.

தீர்ப்பு இதுதான். உலகத்துக்குத் திறந்த முகப்பாக ஸ்டாகிட், சொந்த டொமைனில், தமிழில். அதே சர்வரில் அதே களஞ்சியங்களின் மேல் சிகிட், ஆனால் ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால். ஆழம் வேண்டுகிற பத்துப் பதினைந்து பேருக்கு அந்தச் சொல்லை நேரில் சொல்லிக்கொடுக்கலாம். கிட்ஹப்பிலும் கோட்பெர்கிலும் ஒவ்வொரு புஷ்ஷும் தானாகப் போய்ச்சேரும் நகல்; வெளியார் வழு சொல்லவும் பேட்ச் அனுப்பவும் அவை போதும், அங்கே நடந்த விவாதத்தின் முடிவைக் கமிட் செய்தியில் எழுதிவிடுவது எங்கள் கடமை. கற்றுக்கொள்ளும் ஒருவர் கிட்வெப்பைத் தன் கணினியில் மட்டும் ஓட்டிப் பார்க்கட்டும். கிட்லேப் எங்கள் அளவுக்கு வேண்டாம். ஃபோர்ஜேயோவை மறுக்கவில்லை, ஒத்திவைக்கிறோம்: வாரம் ஒரு பேட்ச் வெளியிலிருந்து வரத் தொடங்கி, திருத்தங்களைப் போடும் பொறுப்பை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஏற்றுக்கொண்டால் அன்றைக்கே அதை வைப்போம். ஒருவர் மட்டும் ஏற்பதானால் கூடாது. அந்த ஒருவருக்கு வேலை மாற்றல் வந்தால் சர்வர் அனாதை.

‘கோ’ சிக்கலுக்கு எந்த முகப்பையும் நம்பவில்லை. கமிட் போடும் முன்பே தமிழ்க் குறியீடுகளை ஒரே வடிவத்துக்குச் சேர்த்துவிடும் ஹூக் ஒன்று எழுதிப் பதினோரு களஞ்சியங்களிலும் வைத்தாயிற்று. அச்சகக்காரரின் பழைய கோப்புகள் ஒரே கமிட்டில் திருந்தின. அன்றைக்கு முகப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக இருந்தது, முன்கூட்டியே அவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

விளக்க வரிகள் பதினொன்றில் ஒன்பது எழுதியாகிவிட்டது. எடைச்சீட்டு நிரலுக்கு, ‘மூட்டை எடை, ஈரக்கழிவு, சாக்கு எடை கழித்துச் சீட்டு அடிக்கும்’ என்று ஆலைக் கணக்குப்பிள்ளையே சொன்ன வாசகத்தை அப்படியே வைத்தோம். மீதி இரண்டு களஞ்சியங்கள் என்ன செய்கின்றன என்று எங்களுக்கே ஒரு வரியில் சொல்ல வரவில்லை. அவற்றை இன்னும் பட்டியலில் சேர்க்கவில்லை.